முன்னாள்

சுவரொட்டியில் என் பெயரைவிட
'முன்னாள்' என்ற சொல் பெரிது.
அதைவிடப் பெரிது, கீழே,
ஈயக் காக்கைகள்.
கைசு வலஸ்கிவி என்கிறவள்
இரவு உணவின் விலைக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் ஒண்டியிருக்கிறாள்.

துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு
ஒரு ராத்திரிக் கப்பல்.
ஏழாம் தளத்து மதுக்கூடம்.
சூதாட்ட எந்திரங்களுக்கு முதுகு காட்டி
மூன்று பேர் நெருக்கி நிற்க ஒரு மேடை.
கடல் புரண்டால் முக்காலி நகர்கிறதென்று
டிரம்ஸ்காரனைத் தரையோடு
கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம்.

பத்தொன்பது வருடம்
பெருங்கூட்டங்களுக்கு முன்னால் நின்றவள்.
நின்றது நான், பார்த்தது தார்மோவை.
அவன் சட்டையைக் கழற்றி எறியும்போதெல்லாம்
பின்னால், இருட்டில்,
அதே நான்கு சுரங்களைத் தட்டிக்கொண்டிருப்பேன்.
பேஸ் அப்படித்தான்.
ஒலிக்கும்வரை ஒருவர் காதிலும் விழாது.
நின்றுபோனால் மட்டும்
என்னவோ குறைகிறதே என்று
தலைகள் திரும்பும்.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால்
ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம்.
எனக்குத் தெரிந்தது
ஒரு வேன், பழுதான ஹீட்டர்,
யாரும் யாருக்கும் கொடுக்காத ஒரு போர்வை.

தார்மோ இப்போது தொலைக்காட்சியில் நடுவர்.
வாராவாரம் யாராவது பாடியதற்கு அழுகிறான்.
நன்றாகவே அழுகிறான்.
இல்ப்போ முள்ளம்பன்றியைப் பற்றிக்
குழந்தைகளுக்குப் பன்னிரண்டு பாட்டுப் போட்டான்.
எங்கள் கடைசி ஆல்பத்தைவிட அதிகம் விற்றது.
வயிறெரியத்தான் நினைத்தேன்.
அக்கா மகன் அதைக் கேட்டால்தான் தூங்குகிறான்,
நானும் கூடவே.
யோர்மா எங்கே என்று தெரியாது.
புத்தாண்டுக்குத் தபால் அட்டை மட்டும் வரும்,
ஒரு சொல்கூட இல்லாமல்,
தபால்தலை நூல் பிடித்தாற்போல் நேராக.
தாளம் தவறாதவன்.

நான் ஐம்பத்தொன்றில் பாடக் கற்றேன்.
ஒரு பல் மருத்துவரின் மாடியறையில்
செவ்வாய்தோறும் வாயைத் திறந்து மூடினேன்.
கீழே துளைக்கும் எந்திரம்
எனக்குச் சுருதி கொடுத்தது.
ஒன்பது பாட்டு தேறியது.

நேற்றிரவு பதினான்கு பேர்.
இரண்டு பேர் உறக்கத்தில்.
முன் மேசையில் ஒருவர்,
பழைய சுற்றுப்பயணச் சட்டை,
நெஞ்சில் ஒடுங்கியிருந்த காக்கை
இப்போது தொப்பையில் இறக்கை விரித்திருந்தது.
"அந்தப் பாட்டு!" என்றார்.
எந்தப் பாட்டு என்று கேட்கத் தேவையில்லை.
அதன் சொற்கள் தார்மோவுடையவை,
மெட்டு இல்ப்போவுடையது,
நான் வாசித்ததை
'ஏற்பாடு' என்றார் வழக்கறிஞர்.
ஏற்பாட்டுக்குப் பங்கு கிடையாதாம்.

நான்கு சுரங்களைத் தட்டினேன், அவ்வளவுதான்.
மீதியை அவரே பாடினார்,
வரி மாறி, கண் கலங்கி, கடைசிவரை.
பிறகு கோப்பையை வைத்துவிட்டு
எழுந்து போனார்.
என் புதுப் பாட்டுக்கு எஞ்சியவர்கள் பதின்மூன்று,
உறங்கியவர்களையும் சேர்த்து.

காலை ஐந்தரை.
தீவுகள் ஈரக் கம்பளிபோல் ஜன்னலில் ஒட்டியிருந்தன.
காபிக்காக நடைபாதையில் வந்தேன்.
தாலின் பக்கத்துப் பெண் ஒருத்தி,
தரை துடைத்துக்கொண்டே
மெல்ல எதையோ முனகினாள்.
என்னுடைய மூன்றாம் பாட்டு.
சொற்கள் அல்ல. மெட்டும் அல்ல.
அடியில் ஓடுவது.
ஒருவரும் முனகாதது.

ஒரே ஒரு பிழை.
இறங்கவேண்டிய இடத்தில் ஏறினாள்,
துடைப்பத்தைப் பிழியும்போது
மூச்சு மேலே போனதால் இருக்கலாம்.

திருத்த வாயெடுத்தேன்.
ஈரத் தரையில் கால் வைக்காதீர்கள் என்றாள்.
நின்றேன்.
மறுபடி அதே இடம்,
மறுபடி ஏறினாள்.
அதுதான் சரி.
இரண்டு வருடமாக அங்கே
தப்பாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்றிரவு திரும்பும் கப்பலில்
நானும் ஏறப்போகிறேன்.
பதிவு செய்யும்போது
ஏற்பாடு என்று அவள் பெயர் போடவேண்டும்,
பங்கோடு.
சட்டைப் பட்டையில் 'மாரெ' வரைதான் தெரிந்தது,
மீதியை ஏப்ரன் மறைத்துவிட்டது.